அக்ரிலிக்கில் நானோ துகள் கலந்தால் ஏன் பால்போல் வெளுக்கிறது?

கேள்வி இதுதான். ஒருவர் 3 மி.மீ. தடிமனில் அக்ரிலிக் தகடு வார்க்கிறார். கீறல் தாங்க வேண்டும், ஒளிவிலகல் எண் சற்று ஏற வேண்டும், தெளிவு குறையக் கூடாது. அதற்காக 25 நானோமீட்டர் டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை எடையில் 2% மானோமரில் (பாலிமராகும் முன் உள்ள திரவம்) போட்டு, அல்ட்ராசோனிக் தொட்டியில் ஒரு மணி நேரம் வைத்து வார்த்திருக்கிறார். வெளியே வந்தது வெள்ளைத் தகடு. பொடி மட்டமா, கலக்கிய விதம் தப்பா என்கிறார்.

பொடி நல்லதாகவே இருந்திருக்கலாம். கலக்கிய விதத்தில் குறை உண்டு, அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் முதல் தவறு துகளைத் தேர்ந்தெடுத்ததில் இருக்கிறது. 3 மி.மீ. அக்ரிலிக்குக்கு டைட்டானியம் டை ஆக்சைடு எந்த முறையில் கலந்தாலும் ஒத்துவராது.

'ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியது, அதனால் கண்ணுக்குத் தெரியாது' என்று நானோ துகளைப் பற்றிச் சொல்வது பாதி உண்மை. துகள் சிறியதானால் சிதறல் குறையும், மறைந்துவிடாது. கன அளவில் ஒரே சதவீதம் கலந்தாலும் சிதறல் துகளின் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறும். துகளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் உள்ள ஒளிவிலகல் எண் வித்தியாசத்தின் இருமடிக்கு ஏற்பவும் ஏறும். தடிமன் இரட்டித்தால் ஒளி கடக்கும் வழி நெடுகச் சிதறலும் இரட்டிக்கும். நீல ஒளி சிவப்பைவிடப் பலமடங்கு சிதறும், அலைநீளத்தின் நான்காம் மடிக்குத் தலைகீழாக.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். துகள்கள் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியாக நிற்கின்றன என்று வைத்துக்கொண்டு, 550 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு ரேலே சூத்திரத்தில் (அலைநீளத்தைவிட மிகச் சிறிய துகள்களின் சிதறலுக்கானது) கணக்கிட்டது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49. அனடேஸ் வகை டைட்டானியம் டை ஆக்சைடுக்குச் சுமார் 2.5. அவர் போட்ட 2% எடை, கன அளவில் 0.6% தான். அந்தக் கொஞ்சத்திலேயே, ஒரு கட்டிகூட இல்லாமல் 25 நானோமீட்டர் துகள்கள் அத்தனையும் பிரிந்து நின்றாலும், 3 மி.மீ. தகட்டில் நேராகக் கடந்துபோகும் ஒளி 42% அளவில்தான் இருக்கும். மீதி பக்கவாட்டிலும் பின்னாலும் சிதறிவிடும். நடைமுறையில் பொடி கட்டிகளாகத்தான் நிற்கும். கட்டி 200 முதல் 300 நானோமீட்டர் என்றால் அது பெயின்ட் தயாரிப்பவர்கள் வெள்ளைக்காகவே வைத்துக்கொள்ளும் அளவு. சுருக்கமாகச் சொன்னால், அவர் வெள்ளைப் பெயின்ட்டைத் தகடாக வார்த்திருக்கிறார்.

இப்போது சிலிக்கா. அதன் எண் 1.46, அக்ரிலிக்கோடு வித்தியாசம் வெறும் 0.03. கன அளவில் 5% (எடையில் ஏறத்தாழ 9%) போட்டு, 20 நானோமீட்டர் துகள்கள் பிரிந்து நின்றால் அதே 3 மி.மீ. தகட்டில் சிதறல் இழப்பு அரை சதவீதம். ஆனால் அவை 100 நானோமீட்டர் கட்டிகளாகச் சேர்ந்தால் நேராகக் கடப்பது 56 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சிர்க்கோனியாவின் எண் 2.15 அளவு. அதே 5% கன அளவுக்கு 10 நானோமீட்டர் துகளே 20% ஒளியைத் தின்னும். 20 நானோமீட்டர் என்றால் 17% தான் மறுபக்கம் போய்ச் சேரும். ஆகவே மில்லிமீட்டர் கணக்கில் தடிமன் உள்ள தகட்டுக்குள் கலக்கச் சிலிக்கா ஒன்றுதான் நடைமுறைத் துகள். சிர்க்கோனியா, டைட்டானியா போன்ற உயர் எண் துகள்களின் இடம் மைக்ரான் கணக்கிலான பூச்சு. 5 மைக்ரான் படலத்தில் 20 நானோமீட்டர் சிர்க்கோனியாவைக் கன அளவில் 17% ஏற்றினாலும் சிதறல் இழப்பு ஒரு சதவீதத்துக்குள் நிற்கும்.

அந்த 17% என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. கலவையின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழக் கன அளவு விகிதப்படி நகரும். 1.49-ஐ 1.60 ஆக்க வேண்டுமானால் சிர்க்கோனியா கன அளவில் 17% வேண்டும். அதன் அடர்த்தி அக்ரிலிக்கைப்போல் ஐந்து மடங்கு என்பதால் எடையில் பார்த்தால் கலவையில் சரிபாதி சிர்க்கோனியாதான். 'ஒரு சிட்டிகை நானோ' போட்டு ஒளிவிலகல் எண்ணை உயர்த்தும் வழி கிடையாது.

இன்னொரு எதிர்பார்ப்பையும் சரிசெய்துகொள்ள வேண்டும். தெளிவான அக்ரிலிக் 92% ஒளியைக் கடத்துகிறது. மீதி 8% உள்ளே தொலைவதில்லை, இரண்டு மேற்பரப்பிலும் பிரதிபலித்துப் போகிறது. எனவே உள்ளே எதைக் கலந்தாலும் கடத்தல் கூடப்போவதில்லை. ஒளிவிலகல் எண்ணை 1.60 ஆக்கினால் பிரதிபலிப்பு ஏறி, கடத்தல் 90 சதவீதத்தை ஒட்டி இறங்கும். கடத்தலைக் கூட்ட வேண்டும் என்றால் வழி நேர்மாறானது. உள்ளீடற்ற அல்லது துளையுள்ள சிலிக்கா துகள்களால், எண் 1.22-ஐ நெருங்கும் படலம் ஒன்றைச் சுமார் 110 நானோமீட்டர் தடிமனில் மேலே பூச வேண்டும். பிரதிபலிப்பு தடுப்புப் பூச்சு இதே தத்துவம்தான். ஆனால் அந்த மென்படலம் துளைகள் நிறைந்தது, தேய்த்தால் போய்விடும். அது கீறலையும் தாங்கும் என்று நம்ப வேண்டாம்.

வலிமை விஷயத்திலும் விளம்பரம் வேறு, கணக்கு வேறு. சிலிக்காவின் விறைப்பு 70 கிகாபாஸ்கல், அக்ரிலிக்கினுடையது 3. கேட்டால் பெரிதாகத் தெரியும். ஆனால் உருண்டைத் துகள்கள் குறைந்த அளவில் இருக்கும்போது விறைப்பு ஏறத்தாழக் கன அளவின் இரண்டரை மடங்கு விகிதத்தில்தான் ஏறும். எடையில் 5% சிலிக்கா என்பது கன அளவில் 2.7%, அதனால் விறைப்பில் 7% ஏற்றம். 3.0 கிகாபாஸ்கல் 3.2 ஆகும், அவ்வளவுதான். மேற்பரப்புக் கடினமும் தேய்மானத் தாங்குதலும் கொஞ்சம் நன்றாகவே முன்னேறும். மோதல் தாங்கும் திறன் பெரும்பாலும் குறையும். கட்டி இருந்தால் நிச்சயம் குறையும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

சரி, சிலிக்காவையே எடுத்துக்கொண்டாலும் எந்தச் சிலிக்கா? பையில் வரும் ஃபியூம்டு சிலிக்கா பொடி வேண்டாம். அதன் லேபிளில் உள்ள 12 நானோமீட்டர், முதல்நிலைத் துகளின் அளவு. சுடரில் உருவாகும்போதே அவை ஒன்றோடொன்று உருகி ஒட்டி, 100 நானோமீட்டருக்கு மேல் சங்கிலிகளாகிவிட்டன. அந்த ஒட்டு வேதிப் பிணைப்பு, அல்ட்ராசோனிக் எவ்வளவு அடித்தாலும் பிரியாது. முனை உள்ள அல்ட்ராசோனிக் கருவியால் அதிகம் அடித்தால் அதன் டைட்டானியம் முனை தேய்ந்து சாம்பல் நிறப் பொடி கலவையில் இறங்குவதுதான் மிச்சம். வாங்க வேண்டியது, கரைப்பானிலேயே பிரிந்து நிற்கும் கூழ்மச் சிலிக்கா. ஐசோபுரோப்பனாலில் 30% திடப்பொருளோடு, 10 முதல் 20 நானோமீட்டர் அளவில் கிடைக்கும். ஒரே விதி: அதை ஒருபோதும் உலரவிடக் கூடாது. ஒருமுறை உலர்ந்தால் பழைய நிலைக்குத் திரும்பாது. பொடியாக்கிப் பிறகு கலக்கலாம் என்ற யோசனை தொடங்கிய இடத்திலேயே தோற்றுவிட்டது.

100 கிராம் தகட்டுக்கு எடையில் 5% சிலிக்கா என்று வைத்துச் செய்முறை சொல்கிறேன். 30% கூழ்மம் 16.7 கிராம் எடுத்தால் அதில் சிலிக்கா 5 கிராம். 20 நானோமீட்டர் துகளுக்குக் கிராமுக்கு 136 சதுர மீட்டர் பரப்பு; மொத்தம் 680. மேற்பரப்பை மூட, துகளையும் பாலிமரையும் பிணைக்கும் மெத்தாக்ரிலாக்சிபுரோப்பைல் டிரைமெத்தாக்சி சிலேன் ஒரு கிராம் 314 சதுர மீட்டரை மூடும் என்பது வழக்கமான கணக்கு. ஆகவே 2.2 கிராம் சிலேன். துகள் 10 நானோமீட்டர் என்றால் பரப்பு இரட்டிக்கும், சிலேனும் இரட்டிக்க வேண்டும். கட்டுரைகளில் பார்த்த சதவீதத்தை அப்படியே எடுத்துப்போடுபவர்கள் சறுக்குவது இங்கேதான். சிலேன் நீராற்பகுப்படைய (தண்ணீரோடு வினைபுரிந்து பிரிய) அரை கிராம் தண்ணீர் போதும். அசிட்டிக் அமிலம் சில துளிகள் விட்டு பிஹெச் 4 முதல் 5-க்குள் வைத்து, 50 டிகிரியில் மூடிய குடுவையில் ஒரு நாள் கலக்கியபடி விடுங்கள். தண்ணீர் அதிகமானால் சிலேன் தன்னோடு தானே சேர்ந்து, துகளின் மேல் உட்காராமல் திரவத்தில் கூழாக மிதக்கும்.

அடுத்து கரைப்பான் மாற்றம். மெத்தில் மெத்தாக்ரிலேட் 130 கிராம் ஊற்றி, வெற்றிடத்தில் 35 முதல் 40 டிகிரியில் ஐசோபுரோப்பனாலை இழுத்து வெளியேற்றுங்கள். மானோமரும் கூடவே போகும், அதனால்தான் கூடுதலாக ஊற்றியது. ஒருமுறை இழுத்தால் ஆல்கஹால் முழுதும் போகாது. இன்னும் 30 கிராம் மானோமர் சேர்த்து மறுபடி இழுத்து, மொத்த எடை 100 கிராமில் நிறுத்துங்கள். மிஞ்சும் ஆல்கஹால் தகட்டில் குமிழியாக வரும், அல்லது மென்மையாக்கியாக உள்ளேயே தங்கும். இந்தக் கட்டத்தில், மானோமர் தானாகப் பாலிமராகாமல் காக்கும் தடுப்பானை நீக்கிவிடாதீர்கள். அந்த ஃபீனால் வகைத் தடுப்பான் வேலை செய்ய ஆக்சிஜனும் வேண்டும், ஆகவே இடையிடையே காற்றை உள்ளே விடுங்கள். மெத்தில் மெத்தாக்ரிலேட் 10 டிகிரியிலேயே தீப்பற்றும் ஆவியைத் தரும். திறந்த சுடரோ தீப்பொறி விடும் மோட்டாரோ பக்கத்தில் இருக்கக் கூடாது.

கலவையை 0.45 மைக்ரான் வடிகட்டியில் அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்க வேண்டும். அடைத்துக்கொண்டால் வார்க்காமல் நிறுத்திவிடுங்கள், பின்னால் எதுவும் இதைச் சரிசெய்யாது.

பிறகு, பாலிமராவதைத் தொடங்கிவைக்கும் துவக்கி: அசோபிஸ் ஐசோபியூட்டிரோநைட்ரைல் 0.1 கிராம். 75 டிகிரியில் கலக்கியபடி சற்றே கொழகொழப்பு வந்ததும், மானோமரில் 10% பாலிமராக மாறுவதைத் தாண்டுவதற்குள், பனிக்கட்டி நீரில் குளிரவையுங்கள். சாதாரண அக்ரிலிக்கில் 20% வரை போகலாம். இங்கே துகளின் மேல் உள்ள சிலேன்கள் பாலிமர் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு போடுவதால் திடீரென்று ஜெல் ஆகிவிடும். காற்றை இழுத்துவிட்டு, இரண்டு கண்ணாடிக்கு நடுவே நெகிழும் பிவிசி குழாய் வைத்த அச்சில் ஊற்றுங்கள். மானோமர் பாலிமராகும்போது கன அளவில் 21% சுருங்கும். குழாய் அமுங்கி இடம் கொடுக்காவிட்டால் தகடு கண்ணாடியை விட்டுப் பிரிந்து அலை விழும். 50 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம், பிறகு 110 டிகிரியில் இரண்டு மணி நேரம், அச்சிலேயே மெதுவாக ஆறவிடுங்கள். அவசரப்பட்டு முதலிலேயே 70-க்கு ஏற்றினால் கலவை கெட்டியாகும் கட்டத்தில் வினை தானாக வேகமெடுத்து, உள்ளே வெப்பம் ஏறி மானோமர் கொதித்துவிடும். தகட்டின் நடுவில் குமிழிக் கூட்டம் வந்தால் காரணம் இதுதான்.

இனி, பலரும் முட்டிக்கொள்ளும் இடம். மானோமரில் கலந்தபோது கண்ணாடிபோல் இருந்தது, வார்த்து எடுத்தால் மங்கலாக வருகிறது. இதைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. மானோமரின் ஒளிவிலகல் எண் 1.414, பாலிமருடையது 1.49, சிலிக்கா நடுவில் 1.46. அதாவது வினை நடக்க நடக்கச் சுற்றியுள்ள எண் சிலிக்காவை நோக்கி ஏறி, ஏறத்தாழ 60% மாற்றத்தில் அதைத் தொட்டு, பிறகு தாண்டிப்போகும். ஆகவே நல்ல கலவை முதலில் இன்னும் தெளிய வேண்டும், கடைசியில் துளி நீலச்சாயல் திரும்பலாம். கலவை தெளிய வேண்டிய கட்டத்தில் வெளுக்கத் தொடங்கினால் துகள்கள் அந்த நேரத்தில் கட்டி சேர்கின்றன என்று பொருள். வளரும் நீண்ட பாலிமர் சங்கிலிகள், சரியாக மூடப்படாத துகள்களை இடைவெளியிலிருந்து தள்ளி ஒன்றாக ஒதுக்குகின்றன. சிலேன் குறைவு, அல்லது நீராற்பகுப்பு முழுமையாகவில்லை. நேரத்தை மிச்சப்படுத்த ஆயத்த அக்ரிலிக் மணிகளை மானோமரில் கரைத்துப் பாகு தயாரிப்பவர்களுக்கும் இதே கதி, முதல் நிமிடத்திலிருந்தே.

வெளுத்த தகட்டைக் கறுப்புத் துணிமேல் வைத்துப் பக்கவாட்டில் விளக்கு அடித்துப் பாருங்கள். நீலமாகத் தெரிந்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மஞ்சளாகத் தெரிந்தால் அது சிதறல், துகள் சிறியது. வெறும் வெள்ளை என்றால் பெரிய கட்டி. இரண்டு பக்கமும் மஞ்சள் என்றால் சிதறலே அல்ல, வேதியியல் நிறமாற்றம். டைட்டானியம் டை ஆக்சைடு கலந்தால் இந்த மூன்றாவது வகையும் வரும். மானோமரில் உள்ள ஃபீனால் தடுப்பான் அதன் மேற்பரப்பில் ஒட்டி மஞ்சள், ஆரஞ்சு நிறம் தரும். வெயிலில் வைத்தால் அனடேஸ் புற ஊதாவை வாங்கி, சுற்றியுள்ள பாலிமரையே அரிக்கத் தொடங்கும். புற ஊதா தடுப்புக்கென்று போட்டது பிளாஸ்டிக்கைத் தின்னும் கதை. ரூட்டைல் வகையை, சிலிக்கா அல்லது அலுமினா மேலுறையோடு வாங்கினால்தான் இதற்கு அணை.

மேலே சொன்ன சிலிக்கா தகடு குறுக்குப் பிணைப்பு உள்ளது என்பதை மறக்கக் கூடாது. அசிட்டோனில் கரையாது, வீங்கும். சூடாக்கி வளைப்பதும் கடினமாகும். உருக்கி வார்க்கும் வகை வேண்டுமானால் சிலேன் முழுவதையும் வினையுறாத வகையாக மாற்ற வேண்டும். அப்போது சங்கிலியோடு பிணைப்பு இல்லாததால் கட்டி சேரும் அபாயம் கூடும். இரண்டுக்கும் நடுவே சமரசம்தான்.

பாலிகார்பனேட்டில் உருக்கிக் கலப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 280 டிகிரியில் துகளின் மேற்பரப்பில் உள்ள ஹைட்ராக்சில் குழுக்களும் ஒட்டிய ஈரமும் கார்பனேட் சங்கிலியை வெட்டும். மூலக்கூறு எடை விழும், மஞ்சளடிக்கும், பாலிகார்பனேட்டை வாங்கியதற்கான காரணமான மோதல் தாங்குதலே முதலில் போகும். துத்தநாக ஆக்சைடும் காரத்தன்மையுள்ள அலுமினாவும் இதில் மோசம். எதுவும் கலக்காவிட்டாலும் அந்தப் பிளாஸ்டிக்கை 120 டிகிரியில் நான்கு மணி நேரம் உலர்த்தி, ஈரத்தை 0.02 சதவீதத்துக்குக் கீழே இறக்கித்தான் உருக்க வேண்டும். அதில் நானோ பொடி சேர்ப்பது எரிகிற நெருப்பில் எண்ணெய்.

கேள்வி கேட்டவரின் தேவைக்கு என் பதில்: தகட்டுக்குள் எதையும் கலக்காதீர்கள், சாதாரணத் தகட்டின் மேல் பூசுங்கள். கீறல் மேற்பரப்பில்தான் விழுகிறது. பூச்சில் சிலிக்காவை எடையில் 35% வரை ஏற்றலாம், 3 மி.மீ. முழுக்க அதை நிரப்ப வேண்டிய அவசியமே இல்லை. 100 கிராம் திடப்பொருளுக்கு, மேலே சொன்னபடி சிலேன் மூடிய சிலிக்கா 35 கிராம். ஐந்து, ஆறு வினைக்குழு கொண்ட அக்ரிலேட்டும் இரண்டு குழு கொண்ட ஹெக்சேன்டையால் டைஅக்ரிலேட்டும் சேர்த்து 61 கிராம். புற ஊதாத் துவக்கி 4 கிராம். இங்கே குறுக்குப் பிணைப்பு நமக்கு வேண்டியதே. மெத்தாக்சி புரோப்பனாலில் 40% திடப்பொருளாக்கி, உலர்ந்தபின் 5 மைக்ரான் வரும்படி பூசி, 60 டிகிரியில் மூன்று நிமிடம் கரைப்பானை ஓட்டி, அதன் பிறகுதான் புற ஊதா விளக்கு. கரைப்பான் போகும் முன் விளக்கு காட்டினால் மங்கல் பூச்சுக்குள் சிறைப்படும். 10 மைக்ரானைத் தாண்டினால் சுருக்கத்தால் விரியும். மேற்பரப்பு மட்டும் பிசுபிசுத்தால் ஆக்சிஜன் தடுத்திருக்கிறது. நைட்ரஜன் சூழலில் விளக்கு காட்டுங்கள் அல்லது விளக்கின் செறிவை ஏற்றுங்கள். எக்ஸ்ட்ரூட் செய்த (உருக்கி அச்சு வழியே தள்ளி எடுத்த) தகட்டில் உள்ளழுத்தம் இருக்கும், கரைப்பான் பட்டதும் மயிரிழை விரிசல் விடும். பூசும் முன் 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து ஆறவிடுங்கள், அல்லது வார்த்த தகட்டையே எடுங்கள்.

பூச்சில் சிர்க்கோனியா போட்டு எண்ணையும் உயர்த்தலாம். ஆனால் 1.49 தகட்டின் மேல் 1.60 பூச்சு வைத்தால் தடிமன் ஏறி இறங்கும் இடமெல்லாம் வானவில் வரிகள் தெரியும். மூக்குக் கண்ணாடி லென்சுகளில் உயர் எண் பூச்சு போடுவதே, உயர் எண் லென்சோடு பூச்சை ஒப்பவைத்து அந்த வரிகளைத் தவிர்க்கத்தான்.

மோதல் தாங்குதல் வேண்டுமானால் கனிமத் துகளே தப்பான இடம். அதற்கு ரப்பர் கருவும் அக்ரிலிக் மேலுறையும் கொண்ட துகள்கள் இருக்கின்றன. அளவு 200 முதல் 300 நானோமீட்டர், சிதறலுக்கு மிக மோசமான அளவு. இருந்தும் தெளிவாக இருக்கக் காரணம் எண் பொருத்தம்: பியூட்டைல் அக்ரிலேட்டின் 1.466-ஐ, ஐந்தில் ஒரு பங்கு ஸ்டைரீன் சேர்த்து 1.49-க்கு ஏற்றியிருப்பார்கள். சூடேறினால் ரப்பரின் எண் அக்ரிலிக்கைவிட வேகமாக இறங்கி, தகடு மங்கும், ஆறினால் தெளியும். அதைப் பழுது என்று நினைத்து வாங்கிய சரக்கைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

அளக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று. துகள் அளவுக்கு ஒளிச்சிதறல் கருவியை நம்புபவர்கள், அதன் சிக்னல் ஆரத்தின் ஆறாம் மடிக்கு ஏற்ப வருவதை நினைவில் வைக்க வேண்டும். ஒரே ஒரு 100 நானோமீட்டர் கட்டி, பத்து லட்சம் 10 நானோமீட்டர் துகள்களுக்கு ஈடாக ஒளிரும். கட்டியைப் பிடிக்க இது வசதி, சராசரி அளவு சொல்ல வசதியில்லை. மங்கலுக்கு ஏஎஸ்டிஎம் டி 1003 முறை, 2.5 டிகிரிக்கு மேல் விலகும் ஒளியை அளக்கிறது. தேய்மானத்துக்கு டேபர் சக்கரம் ஓட்டி, ஓட்டும் முன்னும் பின்னும் இதே மங்கலை அளந்து வித்தியாசத்தை எடுங்கள். ஒவ்வொரு முறையும் துகள் சேர்க்காத தகடு ஒன்றை அதே அச்சில், அதே தடிமனில், அதே நாளில் வார்த்து பக்கத்தில் வைத்து அளக்க வேண்டும். தடிமன் மாறிய இரண்டு தகடுகளின் மங்கல் எண்களை ஒப்பிட்டுப் பயனில்லை.